முழங்காலை அழுத்தும் பழக்கத்துக்கு முடிவு கட்டுவோம்

பத்மாசனம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது முழங்கால் அல்ல, இடுப்பு மூட்டு. உடற்கூறு படித்த எவரும் மறுக்காத இந்த உண்மை, நம் யோகா வகுப்புகள் பலவற்றில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மாணவர் ஒருவர் வலது பாதத்தை இடது தொடைமீது தூக்கி வைக்கிறார். வலது முழங்கால் தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. ஆசிரியர் வந்து, “கொஞ்சம் பொறுத்துக்குங்க, போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லி, அந்த முழங்கால்மீது உள்ளங்கையை ஊன்றி அழுத்துகிறார். கால் இறங்குகிறது, மாணவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார், ஆசனம் வந்துவிட்டதாகக் கணக்கு முடிகிறது. இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பத்மாசனத்தை எட்ட விரும்புகிறவர் இடுப்பின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழி மெதுவானது. சிலருக்கு அது பத்மாசனத்துக்கு முன்பே முடிந்துவிடும். அப்படி முடிவதை யோகாவில் ஒரு குறையாகக் கருதுவதற்கு உடற்கூற்றிலும் ஆதாரம் இல்லை, மரபிலும் ஆதாரம் இல்லை.

முதலில் மூட்டுகளைப் பார்ப்போம். தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள ஆழமான குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அதனால் தொடை முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் விலகும், தன் அச்சிலேயே சுழலவும் செய்யும். பத்மாசனத்துக்கு இவை ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. தொடை மடங்க வேண்டும், விலக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிநோக்கி நன்றாகச் சுழல வேண்டும். வயதுவந்த ஒருவரின் இடுப்பு ஏறத்தாழ 45 பாகை வெளிநோக்கிச் சுழலும் என்பது மருத்துவப் பாடநூல்கள் தரும் பொதுக்கணக்கு. இரண்டு பாதங்களும் எதிரெதிர்த் தொடையில் ஏறி, உள்ளங்கால்கள் மேல்நோக்கித் திரும்பி, இரண்டு முழங்கால்களும் தரையில் படிய வேண்டுமானால் அதைவிடக் கூடுதலான சுழற்சி வேண்டும். அதாவது, பத்மாசனம் சராசரி உடலை மனத்தில் வைத்து அமைந்த இருக்கை அல்ல. பயிற்சியும் உடலமைப்பும் ஒருசேர வாய்த்தவருக்கே அது எளிதாகக் கூடுகிறது.

முழங்காலின் கதை வேறு. கதவுக் கீலைப்போல மடங்கி நீள்வதுதான் அதன் முதன்மையான வேலை. மடங்கிய நிலையில் ஓரளவு சுழலும், அவ்வளவே. இடுப்பு இனிச் சுழலாது என்று நின்றுவிட்ட பிறகும் பாதத்தைப் பிடித்து மேலே இழுத்தால், மீதிச் சுழற்சியை முழங்காலும் கணுக்காலும்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. அப்போது முழங்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. அந்த உட்பக்கத்தில், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. ‘முட்டியில் சவ்வு கிழிந்துவிட்டது’ என்று பேச்சில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான். வெளிப்பக்க மெனிஸ்கஸ் சற்றே நகர்ந்து கொடுக்கும். உட்பக்க மெனிஸ்கஸோ மூட்டைச் சுற்றியுள்ள உறையோடும் பக்கத் தசைநாரோடும் இறுக ஒட்டியிருப்பதால் அப்படி நகர்ந்து தப்ப இயலாது. போதாக்குறைக்கு, வெளி விளிம்புக்கு மட்டுமே அதற்கு இரத்த ஓட்டம் உண்டு. உட்பகுதியில் ஏற்படும் கிழிசல் தானாக ஆறுவது அரிது. இடுப்பில் இடமில்லாத ஒருவரின் முழங்காலை அழுத்துகிற ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ, ஆறுவதற்கு அரிய ஓர் உறுப்பின்மீது தன் எடையை ஏற்றுகிறார்.

இது வெறும் அச்சம் அல்ல. ஹோல்கர் கிராமர் தலைமையில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், யோகாவால் நேர்ந்த பாதிப்புகள் குறித்து மருத்துவ இதழ்களில் வெளியான அறிக்கைகளைத் திரட்டி 2013-ல் ‘ப்ளோஸ் ஒன்’ இதழில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். மொத்தம் 76 பேரின் பாதிப்புகள் அதில் இடம்பெற்றன. அவற்றில் அதிகம் பெயர் அடிபட்டவை சிரசாசனம், சர்வாங்காசனம், பத்மாசனம், வேகமான மூச்சுப் பயிற்சி ஆகியவை. தனிநபர் அறிக்கைகளை வைத்து, எத்தனை பேரில் ஒருவருக்குக் காயம் ஏற்படும் என்று கணக்கிட முடியாது என்பது உண்மைதான். கிராமர் குழுவே 2015-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிடும்போது யோகாவில் ஆபத்து கூடுதலாக இல்லை என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி தெளிவானது. யோகா மொத்தத்தில் பாதுகாப்பான பயிற்சி. ஆனால் அதற்குள் சில நிலைகள் மருத்துவர்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன, பத்மாசனம் அவற்றுள் ஒன்று. எல்லோரும் உட்காரக்கூடிய சாதாரண இருக்கை என்று நாம் நினைக்கிற ஒன்று, தலைகீழாக நிற்கும் ஆசனத்தோடு ஒரே வரிசையில் இடம்பெற்றிருக்கிறது என்பதை ஒவ்வொரு யோகா ஆசிரியரும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, எலும்பின் வடிவம். தொடை எலும்பின் தலையைத் தண்டோடு இணைக்கும் கழுத்துப் பகுதி நேராக அமைவதில்லை, சற்றே முன்னோக்கித் திரும்பியிருக்கும். பிறக்கும்போது இந்தக் கோணம் 30 முதல் 40 பாகை வரை இருந்து, வளர வளரக் குறைந்து, பெரியவர்களிடம் சராசரியாக 15 பாகை அளவில் வந்து நிற்கும். சராசரி என்றால் அதற்கு மேலும் கீழும் உள்ளவர்கள் ஏராளம். கோணம் அதிகமாக உள்ளவருக்குத் தொடை உள்நோக்கித் தாராளமாகவும் வெளிநோக்கிக் குறைவாகவும் சுழலும். கோணம் குறைவாக உள்ளவருக்கு நேர்மாறு. இடுப்புக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும்கூட ஆளுக்கு ஆள் மாறுகின்றன. தொடை எலும்பின் கழுத்து குழியின் விளிம்பில் மோதுவதால் மூட்டு தேய்ந்து போகக்கூடும் என்பதை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ரைன்ஹோல்ட் கன்ஸ் 2003-ல் விரிவாக எழுதிய பிறகு, இடுப்பு மூட்டைப் பற்றிய மருத்துவப் பார்வையே மாறியது. எலும்பு எலும்பில் முட்டி நிற்கும் இடத்தில் எந்தத் தசை நீட்டலும் உதவாது. பத்து ஆண்டு பயின்றும் பத்மாசனம் வராதவர் சோம்பேறி என்றோ, ஆறே வாரத்தில் வந்துவிட்டவர் சாதகர் என்றோ தீர்ப்பு எழுதுவது, ஒருவரின் உயரத்தை அவருடைய ஒழுக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவதற்கு ஒப்பானது.

இப்படிச் சொல்வதால், இடுப்பைப் பயிற்றுவிப்பதில் பயனில்லை என்று ஆகிவிடாது. எலும்பு தடுப்பதற்கு முன்பே பெரும்பாலோரைத் தடுப்பவை தொடையின் உட்பக்கத் தசைகளும், பிட்டத்தின் ஆழத்தில் உள்ள தசைகளும், மூட்டைச் சுற்றிய உறையும்தான். இவை பயிற்சிக்கு இணங்கும். எப்படி இணங்குகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிந்தியா வெப்லரும் பீட்டர் மாக்னுசனும் 2010-ல் ‘ஃபிசிக்கல் தெரபி’ இதழில் எழுதிய ஆய்வுரை, சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் நெகிழ்வுக்குப் பெரும்பாலும் காரணம் தசை நீண்டுவிட்டது அல்ல, அந்த நீட்சியை உணரும் விதம் மாறியதுதான் என்று வாதிட்டது. தசை ஓரளவுக்கு மேல் இழுபடும்போது நரம்பு மண்டலம் எச்சரிக்கிறது. மீண்டும் மீண்டும் ஆபத்தில்லாமல் அந்த எல்லைவரை போய்த் திரும்பினால் எச்சரிக்கை சற்றுத் தள்ளி ஒலிக்கத் தொடங்குகிறது. திடீரென்று வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதற்கு நேர் எதிரானது. உடல் இறுகிக்கொள்கிறது, தசைக்குப் பதிலாக மூட்டு இழுபடுகிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு நீட்டலுக்கும் மொத்தமாக 60 வினாடியும் வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாளும் போதும் என்கிறது. தேவைப்படுவது மூர்க்கம் அல்ல, விடாமல் செய்யும் பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் வரிசையும் முக்கியம். குப்புறப் படுத்து, ஒரு முழங்காலைச் செங்குத்தாக மடக்கி, இடுப்பு தரையைவிட்டு எழாமல் பாதத்தை மற்றக் காலின் பக்கம் மெல்லச் சாயவிட்டால், அந்தப் பக்க இடுப்பு எவ்வளவு வெளிநோக்கிச் சுழல்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். வலத்துக்கும் இடத்துக்கும் வேறுபாடு இருப்பதும் தெரியவரும். தொடக்கத்துக்கு ஏற்றது மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி. வலது கணுக்காலை இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, குறுக்காக வைத்து, இடது தொடையை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுக்க வேண்டும். உடல் எடை எதுவும் முழங்காலில் இறங்காது, இழுவை பிட்டத்தில் மட்டும் தெரியும். அடுத்தது, உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து உட்காரும் பத்த கோணாசனம். பிட்டத்துக்கு அடியில் மடித்த போர்வையும் முழங்கால்களுக்கு அடியில் தலையணைகளும் வைத்துக்கொண்டு செய்யலாம். அதன் பிறகு, உட்கார்ந்தபடி ஒரு காலைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தும் பயிற்சி. பாதம் ஒரு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மறு முழங்கை மடிப்பிலும் இருக்க, கீழ்க்கால் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். காலை அசைக்கும்போது முழங்கால் முறுகாமல் தொடை முழுவதும் இடுப்புக் குழியிலிருந்து திரும்ப வேண்டும். இதில் சிரமம் இல்லாதவர்தான் அர்த்த பத்மாசனத்துக்குப் போகலாம். பாதத்தை விரல்களைப் பிடித்து இழுக்காமல் கணுக்காலையும் கீழ்க்காலையும் தாங்கித் தூக்க வேண்டும். முழங்கால் அந்தரத்தில் நின்றால் மடித்த துண்டை அதன் அடியில் கொடுத்து மேலே தாங்க வேண்டும். பிட்டத்தின் வெளிப்பக்கம் இழுப்பது தசையின் உழைப்பு. தொடையிடுக்கில் கிள்ளுவதுபோலத் தெரிந்தாலோ, முழங்காலின் உட்பக்கம் சுருக்கென்றாலோ, அன்றைய எல்லை அதுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நாற்காலியின்மீது பழிபோடுவது. நம் முன்னோர் தரையில் உட்கார்ந்தார்கள், தரையில் உண்டார்கள், குத்துக்காலிட்டு வேலை செய்தார்கள், நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்துதான் இடுப்பு கெட்டது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அன்றாடம் பயன்படுத்தும் வீச்சு உடலில் தங்கும், பயன்படுத்தாதது சுருங்கும். தினமும் அரைமணி நேரமாவது தரையில் உட்காருவது எந்த ஆசனப் பயிற்சிக்கும் நல்ல அடித்தளம். ஆனால் பந்தியில் இலைக்கு முன் அமர்ந்தவர்கள் போட்டது சம்மணம். அதில் பாதங்கள் தரையிலேயே, எதிர்க்காலின் அடியில் இருக்கும். பாதம் தொடைமீது ஏறுவதில்லை, முழங்காலும் அவ்வளவு முறுகுவதில்லை. தரையில் உட்காரும் பண்பாட்டைச் சான்றாகக் காட்டுபவர்கள் சம்மணத்துக்குத் திரும்பச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. அதையே காரணமாக வைத்து, நாற்பது வயதில் முதன்முறையாக வகுப்புக்கு வந்தவரைப் பத்மாசனத்தில் திணிப்பதற்கு நியாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலியைப் பற்றியது. வலிக்காமல் எதுவும் வராது, தவம் என்றாலே உடலை வருத்துவதுதான் என்பது. உழைத்த தசையின் வலியையும் காயமடையும் மூட்டின் வலியையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. முன்னது பரவலாகத் தெரியும், விட்டவுடன் தணியும், மறுநாள் லேசான அசதியாக மிஞ்சும். பின்னது ஒரு புள்ளியில் குத்தும், படியேறும்போது மீண்டும் வரும், முழங்கால் வீங்கும், சில நேரம் மடக்கிய கால் நீளாமல் சிக்கிக்கொள்ளும். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பயிற்சி. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அறியாமை. தவத்தின் பெயரால் சொன்னாலும் கிழிந்த மெனிஸ்கஸ் ஒட்டிவிடாது. மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்ட நடுத்தர வயதினரும் முதியவர்களும் நம் வகுப்புகளில் நிறையவே இருக்கிறார்கள். உடல்நலம் தேடி வந்தவரை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்புவது எந்தக் குருவுக்கும் பெருமை அல்ல.

மூன்றாவது மறுப்பு மரபின் பெயரால் வருகிறது. பத்மாசனம் ஆசனங்களின் அரசன், அதை விட்டுக்கொடுத்தால் யோகா நீர்த்துப்போகும் என்பது. நூல்களையே பார்க்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்துக்கு ஒதுக்குவது மூன்றே சூத்திரங்கள். அசையாமல், சுகமாக இருக்க முடிய வேண்டும் என்பதுதான் அங்கே இலக்கணம். எந்த ஓர் ஆசனத்தின் பெயரும் அங்கு இல்லை. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை 15 ஆசனங்களைச் சொல்லி, அவற்றுள் நான்கை முக்கியமானவையாகத் தேர்ந்தெடுக்கிறது. சித்தாசனம், பத்மாசனம், சிம்மாசனம், பத்ராசனம் என்ற அந்த நான்கில் முதலிடம் தருவது சித்தாசனத்துக்கு. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பத்மாசனத்தோடு பத்திரம், சிங்கம் போன்ற வேறு ஆசனங்களையும் சேர்த்தே பேசுகிறார். இக்காலத்துக்கு வந்தால், சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோகப் பயிற்சி முறையில் உட்கார்ந்து செய்யும் ஆசனங்கள் பத்ராசனத்தில் தொடங்குகின்றன. தொடை தரையைத் தொடாவிட்டால் முழங்காலுக்கு அடியில் மெத்தென்ற தலையணை வைக்கச் சொல்கிறது அந்த முறை. நூல்கள் சுகத்தையும் அரசு தாங்கலையும் சொல்லும்போது, வகுப்பறை மட்டும் அழுத்தலைச் செய்வதற்கு எந்த மரபின் அனுமதியும் கிடையாது.

குரு பரம்பரையைச் சுட்டுவோருக்கு டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையே விடை. 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அவர் கற்பித்தது வேகமும் கடுமையும் நிறைந்த பயிற்சி. பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, பல வயதினரும் நோயாளிகளும் தம்மைத் தேடி வந்தபோது, அதே ஆசிரியர் ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனங்களை மாற்றி அமைத்துக் கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் இளமையில் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், மரக்கட்டையும் பட்டையும் திண்டும் போர்வையும் வகுப்புக்குள் கொண்டுவந்து, உடல் ஆசனத்தை நோக்கிப் போக முடியாத இடத்தில் தரையையே உடலை நோக்கி உயர்த்தினார். இவர்களால் யோகா நீர்த்துப்போனதாக யாரும் சொல்வதில்லை. உலகம் முழுவதும் அது பரவியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

குழந்தைகள் எளிதாகப் பத்மாசனம் போடுகிறார்களே என்ற கேள்வியும் உண்டு. போடுகிறார்கள்தான். ஆனால் எல்லாக் குழந்தைகளும் அல்ல, வளரும் எலும்பும் நெகிழ்வான தசைநாரும் உள்ள உடலுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவையே தவிரக் குறைவாக அல்ல. 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்த பிறகு, பதக்கக் கனவோடு பயிலும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். பரதநாட்டியத்தில் அரைமண்டிக்கும் இதே பிரச்சினை உண்டு. இடுப்பிலிருந்து தொடை திரும்பாத சிறுமி, பாதங்களை மட்டும் வெளியே திருப்பி வைத்து அந்தக் கணக்கை முழங்காலில் ஏற்றிக்கொள்வாள். நல்ல நாட்டிய ஆசிரியர் பாதத்தைப் பார்க்காமல் முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். யோகா போட்டி நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அந்தக் கண் வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை, செலவும் இல்லாதவை. யோகா ஆசிரியர் பயிற்சியில் இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் அமைப்பைக் கட்டாயப் பாடமாக்கி, செய்முறைத் தேர்வில் அதைச் சோதிக்க வேண்டும். எந்த வகுப்பிலும் மாணவரின் முழங்காலைக் கையாலோ காலாலோ அழுத்துவதைத் தவறு என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பள்ளிகளில் பிராணாயாமத்துக்கும் தியானத்துக்கும் சுகாசனம், வஜ்ராசனம், நாற்காலி என எதில் உட்கார்ந்தாலும் சம மதிப்பெண் என்று எழுதி வைக்க வேண்டும். வகுப்புக்குப் போகிறவரும் தயங்காமல், “இது எனக்கு முழங்காலில் வலிக்கிறது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று சொல்லப் பழக வேண்டும். அப்படிச் சொல்லும் மாணவரை மதிக்கும் ஆசிரியரிடம், உடல் இடம் கொடுத்தால் பத்மாசனம் ஒருநாள் தானே வரும். இடம் கொடுக்காவிட்டாலும் அந்த மாணவர் எழுபது வயதில் வலியில்லாமல் தரையில் உட்கார்ந்து எழுவார். பயிற்சியின் பலனை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை.